யாரும் கேட்காத மெட்டு

என் கணவர் இறந்த எட்டாவது மாதத்தில், நாட்டுக்குப் பாட்டுத் தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில் வந்து விழுந்தது. கேட்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். எனக்கு அது வேடிக்கையாகவும் இல்லை, பெருமையாகவும் இல்லை. அந்த நாட்களில் எனக்கு அழுகையோ சிரிப்போ எதுவுமே வராது. பசி மட்டும் நேரத்துக்கு வந்துவிடும். அதில் எனக்கே கொஞ்சம் வெட்கம்தான்.

எழுபதுகளின் கடைசி அது. பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஆசிய நாடுகளெல்லாம் சேர்ந்து எங்கோ ஒரு பெரிய நகரத்தில் பாட்டுப் போட்டி நடத்தப் போகின்றன, நாட்டுக்கு ஒரு பாட்டு, அதுவும் புத்தம் புதுப் பாட்டு என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. நம் நாட்டுப் பாட்டை மாகாணம் மாகாணமாகச் சலித்து, மிஞ்சியதைக் கொழும்பில் வைத்து மறுபடி சலிப்பார்களாம். எங்கள் ஊவா மாகாணத்துக்குப் பதுளை நகர மண்டபம். நடுவர்கள் மூவர். மூவரில் ஒருவருக்காவது தமிழ் தெரிந்திருக்க வேண்டும். அதிபர் என் பெயரை எழுதி அனுப்பிவிட்டு, பிறகுதான் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"சனிக்கிழமையில வீட்டில சும்மாதானே இருக்கிறியள். ஒருக்காப் போட்டு வாங்கோவன்."

"எனக்குச் சங்கீதம் தெரியாதே சேர்."

"தமிழ் தெரியுமெல்லோ? அது காணும்."

புருஷனைப் பறிகொடுத்தவளை எப்படியாவது வெளியே இழுத்துவிட வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணம் உள்ளவர்களிடம் அந்த எட்டு மாதத்தில் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒருவர் விரதப் புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார். இன்னொருவர் நாய்க்குட்டி ஒன்று தரட்டுமா என்று கேட்டார். மறுத்துப் பேசுவதைவிடத் தலையாட்டுவது சுலபம் என்பதால் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். இதற்கும் ஆட்டினேன்.

என் கணவர் ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் டீமேக்கராக இருந்தார். தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்போம். அந்த ஸ்டோர் அவர் பொறுப்பு. கொழுந்து எவ்வளவு நேரம் வாட வேண்டும், எப்போது அரைக்க வேண்டும், எப்போது அடுப்புக்குப் போக வேண்டும் என்பதையெல்லாம் தொட்டும் மோந்தும் சொல்கிறவர். நான் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒரு நாள் காலை, கொழுந்து வாடப்போடும் மாடிக்கு ஏறிப் போனவர் இறங்கி வரவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது. நாற்பத்தொரு வயது. நாற்காலியில் உட்கார வைத்தபடியே நாலு பேர், தோட்டம் கொடுத்திருந்த குவாட்டர்ஸ் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளின் பெண்கள் மற்ற நாட்களில் குவாட்டர்ஸ் வாசலைத் தாண்டி உள்ளே வர மாட்டார்கள். சாவுக்கு வரலாம். வந்து, பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டுக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். செத்தவரின் பெண்டாட்டிதான் முதலில் எடுக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. படித்தவர்கள் வீட்டில் ஒப்பாரி வைக்கிற வழக்கம் இல்லை என்று அவர்களே எனக்கு ஒரு சாக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். வழக்கமாவது ஒன்றாவது. எனக்கு வரவில்லை.

அப்போது ஒருத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொழுந்து எடுக்கிறவள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். மே தின மேடையில் பாடுவாள் என்று கேள்விப்பட்டிருந்தேன், பேசியதில்லை. என் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு, என் சார்பில் அவள் எடுத்தாள். ஒப்பாரிக்கென்று ஊரறிந்த மெட்டு ஒன்று உண்டு, யார் செத்தாலும் அதுதான். இவள் பாடியது அது இல்லை. முதல் இரண்டு அடியும் தாழ்ந்தே போய், மூன்றாவது அடியில் மேலே ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் அங்கேயே நின்றது. அந்த நிமிஷத்தில் அவள் கட்டிய மெட்டு. சொற்களும் அப்போது வந்தவைதான், எல்லாம் அவரைப் பற்றியவை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் நாட்காட்டி தொங்கிய ஆணி, ஆணியைச் சுற்றிச் சுண்ணாம்பு உதிர்ந்த வட்டம், இதையெல்லாம் பார்த்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. போகும்போது பெண்கள் வாசலில் நின்று, "டீச்சரம்மாவுக்கு நெஞ்சழுத்தம்" என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது. இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

குவாட்டர்ஸ் தோட்டத்துக்குச் சொந்தம். அடுத்த டீமேக்கர் வருவதற்குள் காலி பண்ண வேண்டும். மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு பதுளைக்கு வந்து, ஒரு முஸ்லிம் புடவைக் கடைக்காரர் வீட்டின் பின் அறையில் வாடகைக்கு இருந்தேன். அந்தக் கதை அவ்வளவுதான்.

போட்டியன்று நகர மண்டபத்தில் திருவிழாக் கூட்டம். கிட்டார் பையன்கள், பாவாடை தாவணிப் பெண்கள், மத்தளத்தோடு பசறையிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு குழு. நடுவர்களில் தலைவர், ஓய்வுபெற்ற சிங்கள அதிகாரி. பதுளை வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர், ஆங்கிலத்தில்தான் பேசுவார். இரண்டாமவர் ஒரு சிங்களச் சங்கீத மாஸ்டர். அவருக்கு முன்னால் ஒரு ஆர்மோனியம். பாட்டு எப்படி இருக்கிறது என்பதைவிட எங்கிருந்து திருடப்பட்டது என்பதில்தான் அவருக்கு உயிர். யாராவது பாடத் தொடங்கி நாலு வரி போவதற்குள், பாடுகிறவரோடு சேர்ந்து மூலப் பாட்டை ஆர்மோனியத்தில் வாசித்துவிடுவார். பாடுகிறவர் முகம் செத்துவிடும். சபை கைதட்டும். மதியத்துக்குள் ஒன்பது பேரை அப்படி வீட்டுக்கு அனுப்பினார். அதில் ஒருவர், எனக்கு அறை கொடுத்த புடவைக் கடைக்காரரின் மைத்துனர். ஹிந்திப் படப் பாட்டுக்குத் தமிழ்ச் சட்டை மாட்டிக் கொண்டுவந்திருந்தார்.

விதி அப்படி. மெட்டு புதிதாக இருக்க வேண்டும், இதற்கு முன் எந்தச் சபையிலும் யார் காதிலும் விழுந்திருக்கக் கூடாது. தேறிய ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று நடுவர்களும் ஆங்கிலப் படிவத்தில் அதை உறுதிசெய்து கையெழுத்துப் போட வேண்டும். "சிங்களத்தையும் ஹிந்தியையும் மாஸ்டர் பார்த்துக்கொள்வார். தமிழ்த் திருட்டு உங்கள் பொறுப்பு" என்று தலைவர் காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். காலையிலிருந்து மூன்று தமிழ்ப் பாட்டுகள் வந்திருந்தன. எதுவும் தேறவில்லை. நான் சும்மா உட்கார்ந்து, கொடுத்த பணிசைத் தின்று, டீயைக் குடித்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவள் மேடையேறினாள். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. நீலச் சேலை கட்டி, தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாள். பக்கவாத்தியம் ஒன்றும் இல்லை. தொடையில் தாளம் போட்டுக்கொண்டு பாடினாள். வந்தவர்களை வரவேற்கிற பாட்டு. மலை, பனி, தேயிலை, ரயில், எல்லாம் அதில் இருந்தது. நாட்டைப் பற்றிப் பாட வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள் போல, ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. இரண்டாவது அடி முடியும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவது அடி மேலே ஏறியது. இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் நின்றது.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று எழுதத்தான் ஆசை. ஒன்றும் தோன்றவில்லை. "இது அந்த மெட்டு" என்று மட்டும் தெரிந்தது, கடையில் நம்முடைய குடையை வேறொருவர் கையில் பார்க்கிற மாதிரி.

சங்கீத மாஸ்டர் ஆர்மோனியத்தில் கையை வைத்தபடி தேடினார். கண்ணை மூடித் தேடினார். கிடைக்கவில்லை. கடைசியில் கையை எடுத்துவிட்டு, எனக்காகத் தமிழில் சொன்னார்: "மிஸ், இது எங்கேயும் இல்லை. நான் கேட்டது இல்லை." அன்று முழுவதும் அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை. தலைவர், "அந்த மூன்றாவது வரி! அங்கே போய் நிற்கிறது பாருங்கள்!" என்று ஆங்கிலத்தில் இரண்டு தரம் சொன்னார். படிவத்தை எடுத்து முதலில் அவர் கையெழுத்திட்டார். பிறகு மாஸ்டர். அதில் எந்த நாட்டுப் பிரஜை என்று ஒரு கட்டம் இருந்தது. தோட்டத்தில் பாதிப் பேருக்கு அந்தக் கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லாத காலம். அவளும் எழுதவில்லை. "அதைக் கொழும்பு பார்த்துக்கொள்ளட்டும்" என்றார் தலைவர். பிறகு படிவம் என் முன்னால் வந்தது.

நான் பேனாவை மூடினேன். "தமிழ் வார்த்தையில் ஒரு சந்தேகம், கேட்டுவிட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

மண்டபத்தின் பின்பக்கப் படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"என்னைத் தெரியுதா?" என்றேன்.

"தெரியாம என்னங்க டீச்சரம்மா. மேடையில ஏறுனதும் பாத்துட்டேன்."

"இந்த மெட்டு..."

"ஆமாங்க. நம்ம ஐயா எழவுல பாடுனதுதான். வார்த்தைய மாத்திட்டேன்."

மறைப்பாள் என்று நினைத்திருந்தேன். அப்படியே ஒப்புக்கொண்டுவிட்டாள். வகுப்பில் பிள்ளையைக் கண்டிக்கிற குரலில், "யாரும் கேக்காத பாட்டுதான் வேணும்னு எழுதியிருந்தாங்களே, படிக்கலையா?" என்றேன்.

"தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாரு படிச்சுச் சொன்னாருங்க. அதனாலதான் இத எடுத்தேன். நான் கட்டுன மத்த பாட்டெல்லாம் மே தினத்துல, கோயில்லன்னு எங்கயாவது பாடியிருக்கேன். இது ஒண்ணத்தான் யாரும் கேக்கல."

"வீடு நிறைய ஆள் இருந்தாங்க."

"எழவு வீட்டுல யாருங்க மெட்டக் கேக்குறா? ஒவ்வொருத்தியும் அவ அவ வீட்டுச் சாவ நெனச்சுல்ல அழுவுறா. யாருக்காகப் பாடுறமோ அவங்க கேட்டாத்தான் கேட்டது. நீங்க செவுத்தப் பாத்துக்கிட்டுக் கல்லு மாதிரி இருந்தீங்க. அதான், கேக்கலைன்னு நெனச்சேன்."

அவள் குத்திக்காட்டவில்லை. மழை பெய்தது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"கொழும்பு வரைக்கும் போனாலே ரேடியோவுல பாட எடுப்பாங்கன்னு வாத்தியாரு சொன்னாரு. கூடைய எறக்கி வச்சுறலாம்னு ஒரு ஆசைங்க. பதினோரு வயசுல தூக்குனது." பிறகு என் முகத்தை நேராகப் பார்த்து, "அன்னைக்கு நீங்க கேட்டீங்களா டீச்சரம்மா? கேட்டிருந்தீங்கன்னா சொல்லிருங்க. பேரை அடிச்சிரச் சொல்லிட்டு அப்படியே ரயிலேறிர்றேன். பொய் சொல்லிப் போக வேணாம்" என்றாள்.

உள்ளே அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. மாஸ்டரின் ஆர்மோனியம் கூடவே ஓடுவது கேட்டது.

"கேக்கல" என்றேன்.

அவளுக்காகத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன் என்று பல வருஷம் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். பாதி அவளுக்காகத்தான். மறுபாதி வேறு. கேட்டேன் என்று சொன்னால், கேட்டும் எப்படி அழாமல் இருந்தாய் என்ற கேள்வி வரும். அவள் கேட்காவிட்டாலும் நான் கேட்பேன். அழுகை வந்துவிடும் என்ற பயம் எனக்கு இல்லை. அப்போதும் வராமல் போனால் நான் என்ன பிறவி என்ற பயம்தான் இருந்தது. கேட்கவில்லை என்றால் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. காலடியைப் பார்த்தபடி, "அப்ப சரிங்க" என்றாள்.

நான் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் அறிந்தே போட்ட முதல் பொய்க் கையெழுத்து. ஊவாவிலிருந்து கொழும்புக்கு இரண்டு பாட்டுகள் போயின. ஒன்று பண்டாரவளைக் கிட்டார் பையன்களுடையது, மற்றது அவளுடையது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் அதிபர், "எப்பிடி, பொழுது போச்சுதோ?" என்று கேட்டார். போனது என்றேன்.

இரண்டு மாதம் கழித்துக் கொழும்பில் கடைசித் தேர்வு. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அதை வானொலியில் நேரடியாக ஒலிபரப்பினார்கள். எனக்குக் கேட்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. வீட்டுக்காரப் பெண்மணிதான் அறைக்கு வந்து கையைப் பிடித்து இழுத்தார். "வாங்க டீச்சர், ஒங்கட பாட்டு வரப் போகுது!" தன் தம்பி முதல் சுற்றிலேயே பிடிபட்ட கோபம் அவருக்குப் போயிருந்தது, அல்லது மறந்துவிட்டது. முன்னறையில் வானொலிக்குப் பக்கத்தில் எனக்கொரு நாற்காலி போட்டு, பால் டீயும் ஊற்றிக் கொடுத்தார்.

ஏழெட்டுப் பாட்டுகள். அவளுடையது கடைசிக்கு முன்னது. முன்னால் இருபது வயலின்கள் பாய் விரித்த மாதிரி வாசித்தார்கள். பிறகு அவள் குரல். மூன்றாவது அடியில் அது போய் நின்ற இடத்தில் வயலின்களையும் நிறுத்திவிட்டார்கள். எந்தப் புண்ணியவானின் யோசனையோ. முன்னறையில் யாரும் அசையவில்லை. வீட்டுக்காரப் பெண்மணி, "அல்லாவே" என்று மெதுவாகச் சொன்னார். பாட்டு முடிந்ததும் கைதட்டல் நீண்ட நேரம் கேட்டது. அவள்தான் முதலாவதாக வரப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அங்கே இருந்தவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஒவ்வொருவர் பாடி முடிந்ததும் அறிவிப்பாளர் இரண்டு வார்த்தை பேசுவார். எந்த ஊர், வீட்டில் யார் யார், இப்படி. அவளிடம் தமிழ் அறிவிப்பாளர், "இவ்வளவு அழகான மெட்டு எப்படிப் பிறந்தது, சொல்லுங்கள்" என்று கேட்டார். காலையில் பனியைப் பார்த்தேன், பிறந்தது என்று சொல்லியிருந்தால் போதும்.

"இது ஒரு எழவு வீட்டுல பாடுனதுங்க."

அறிவிப்பாளர் சிரித்தார். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார்.

"நெசமாத்தாங்க. எங்க தோட்டத்து டீமேக்கர் ஐயா செத்தப்ப பாடுனது. தங்கமான மனுசன். மழையில நாங்க ஸ்டோரு வாசல்ல ஒதுங்கி நின்னா, உள்ள கூப்புட்டுச் சாயத்தண்ணி ஊத்திக் குடுப்பாரு. வேற யாரும் அப்படிக் குடுத்ததில்ல. அவருக்குப் பாடுனது. அங்க யாரும் கேக்கல. அதான் சொல்றேன்."

வானொலியில் கைதட்டல் எதுவும் வரவில்லை. வயலினை யாரோ சுதி சேர்க்கிற சத்தம் மட்டும் வந்தது. அறிவிப்பாளர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த பாட்டை அவசரமாக அறிவித்தார்.

அவர் அவர்களுக்குச் சாயத்தண்ணி, பால் ஊற்றாத டீ, கொடுப்பார் என்பது எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருஷம் கூட இருந்தவளுக்குத் தெரியாது. அன்று என் மனதில் தங்கியது அது ஒன்றுதான்.

வீட்டுக்காரப் பெண்மணி என் பக்கம் திரும்பி, "டீச்சர், அது ஒங்கட..." என்று பாதியில் நிறுத்தினார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் வானொலியின் சத்தத்தைக் குறைத்தார். குறைத்த சத்தத்திலேயே முடிவும் வந்தது. கொழும்பு இசைக்குழு ஒன்றின் பாட்டு நாட்டின் பாட்டாகத் தேர்வானது. மலைநாட்டுப் பாட்டு ஏற்கனவே ஓரிடத்தில் பாடப்பட்டது என்பதால் விதிப்படி நீக்கப்பட்டதாக ஒரு வரி சொன்னார்கள். சாவுப் பாட்டை நாட்டின் பாட்டாக எப்படி அனுப்புவது என்று யாரோ ஒரு அதிகாரி கேட்டதாக மறுநாள் பேப்பரில் இருந்தது. நான் டீயைக் குடித்து முடித்து, அறைக்குப் போய், ஏழாம் வகுப்புக் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்தினேன். எல்லாக் கொப்பியையும் திருத்தினேன்.

தலைவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நீங்கள் உறுதிசெய்து கையெழுத்திட்டீர்களே, எப்படி என்று விளக்கம் கேட்டிருந்தார். "நானறிந்தவரை" என்று படிவத்தில் அச்சடித்திருப்பதை எடுத்துக்காட்டி ஒரு வரியில் பதில் எழுதினேன். எழுத்து வேலையில் என்னை யாரும் மடக்க முடியாது.

ஒலிபரப்பு நடந்த அந்த வாரம் புதன்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் வாசலில் நின்றாள். கையில் ஒரு பை, அதே நீலச் சேலை, கசங்கியிருந்தது. கொழும்பு ரயிலில் வந்தவள் அப்புத்தளையில் இறங்கி வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். இறங்காமல் பதுளை வரைக்கும் வந்திருக்கிறாள். திரும்பிப் போகிற ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது.

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்தாள். நான் மட்டும் நாற்காலியில் இருப்பது சரியில்லை என்று நானும் கீழே உட்கார்ந்தேன். பிளேன்டீ ஊற்றி அவளுக்கும் கொடுத்து, நானும் ஒரு கோப்பை எடுத்துக்கொண்டேன்.

"கோவமாங்க?" என்றாள்.

"எனக்கென்ன கோபம். ரேடியோவில எடுத்தாங்களா?"

"இல்லேன்னுட்டாங்க. நாளைக்குப் பெரட்டுக்குப் போகணும்." பெரட்டு என்றால் விடிந்ததும் பேர் கொடுத்து வேலைக்கு நிற்கிற இடம். "அஞ்சு நாளு போகல. கங்காணி கத்துவாரு."

"ஏம்மா அப்படிச் சொன்ன? அந்த ஆள் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டான். ஏதாவது சொல்லியிருக்கலாமில்ல. அவ்வளவு தூரம் போயிட்டு."

"சொல்லியிருக்கலாங்க" என்றாள். டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நீங்க கேக்கலைன்னு சொன்னீங்கள்ல, அன்னைக்கே மனசு விட்டுப் போச்சு. போட்டிக்கு அது தோதுதான், நான் இல்லேங்கல. நானா நெனச்சுக்கிட்டது வேற, நீங்க வாயால சொன்னது வேற இல்லீங்களா? ஒரு மனுசனுக்குன்னு பாடுனது யாருகிட்டயும் போய்ச் சேரலைன்னு ஆயிருச்சு. கொழும்புல பாடி முடிச்சதும் அம்புட்டு சனமும் தட்டுது. ரேடியோவுல நாடு பூரா கேக்குதுன்னு சொன்னாங்க. ஆனா அது மலைக்கும் பனிக்கும்னுல்ல தட்டுறாங்க. இப்ப நான் சொல்லலைன்னா, அந்த ஐயாவுக்கு யாருமே பாடல, யாருமே கேக்கலைன்னு போயிருமே. அதான் சொல்லிட்டேன். ஒங்களுக்காகவுந்தான் டீச்சரம்மா. நீங்களும் ரேடியோ வச்சிருப்பீங்க, இந்தத் தடவையாவது கேப்பீங்கன்னு."

எனக்குக் கோபம் வந்தது. பத்து மாதத்தில் முதல் தடவையாக எனக்கு ஒன்று வந்தது. அவள் மேலா, என் மேலா, எவர் எவருக்கோ டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு என்னிடம் சொல்லாமலே போனவர் மேலா, தெரியவில்லை. கோப்பையைக் கீழே வைத்தேன்.

"கேட்டேன்" என்றேன்.

"ரேடியோவுலங்களா?"

"அன்னைக்கு. நீ என் கழுத்தைக் கட்டிக்கிட்டுப் பாடினப்பவே கேட்டேன்."

அவள் நம்பாமல் பார்த்தாள். சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள். எனக்குப் பாட வராது. பாடம் ஒப்பிக்கிற மாதிரிதான் சொன்னேன்.

"மாடியில கொழுந்து வாடுதய்யா, நீ தொட்டுப் பாத்துச் சொல்லலையேன்னு எடுத்த. அப்புறம், வாடுன கொழுந்துக்கு நேரஞ் சொன்ன ராசா, இந்த வாடுற பொண்ணுக்கு என்ன சொன்னேன்னு கேட்ட. அங்கதான் மேல போய் நின்ன. அதுக்கப்புறம் மாடிப்படி பதினேழுன்னு எண்ணின. ஒவ்வொரு படிக்கும் ஒண்ணு சொன்ன. எல்லாம் எனக்குத் தெரியும்."

மாடிப்படி என்று சொல்லும்போதே என் குரல் உடைந்துவிட்டது. பதினேழு என்பதைச் சொன்னேனா, அழுதேனா என்று எனக்கே தெரியாது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். முன்னறையில் வீட்டுக்காரப் பெண்மணி யாரிடமோ பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தியது தெரிந்தது.

அவள் நகர்ந்து வந்து தோளில் கைபோடுவாள் என்று நினைத்தேன். அவர்கள் அப்படித்தான் செய்வார்கள். அவள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தபோது, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீ குடிக்காமல் அப்படியே கையில் இருந்தது.

"அப்ப நான் எதுக்குங்க அதக் கொழும்புல சொன்னேன்?" என்றாள்.